இறந்தவரின் ஒப்புதல்

இறந்தவர் காலை ஷிப்டுக்கு வந்திருந்தார்.

வருகைப் பட்டியலில் அப்படித்தான் இருந்தது. பெயர், பணியாளர் எண், பிரிவு, உள்ளே வந்த நேரம். நேரத்துக்குப் பக்கத்தில் பச்சையில் ஒரு சரிக்குறி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். பெயர் அங்கேயேதான் இருந்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை படிப்பது என் வழக்கம். அதை யாரும் என்னிடம் கேட்பதில்லை. யார் வந்தார், யார் வரவில்லை என்பதைக் கம்ப்யூட்டரே கூட்டிக் கழித்து மேலே அனுப்பிவிடுகிறது. ஆனாலும் படிப்பேன். பெயரைப் படித்தால் முகம் வரும். முகம் வந்தால் அவர் கடைசியாக எதற்கு என்னிடம் வந்தார் என்பது வரும். ஒரு வார விடுப்பு முடிந்து வந்த அன்று, அந்தப் பெயரோடு வந்த முகம், தாடையைச் சேர்த்துத் துணி கட்டி, நெற்றியில் காசு வைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த முகம்.

அவர் பிரஸ் ஷாப்பில், தகடு அழுத்தும் மிஷினில் ஆபரேட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேப்பம்பட்டில் தன் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சை அடைக்கிறது என்று படுத்தவர், ஆட்டோ ஆவடியைத் தொடுவதற்குள் போய்விட்டார். கம்பெனி சார்பில் மாலை எடுத்துக்கொண்டு போனது நான்தான். மழைக்காலம். தெருவில் செங்கல் போட்டு, அதன்மேல் கால் வைத்துத்தான் போக வேண்டியிருந்தது. மாலையைப் பெட்டியின் மேல் வைத்தபோது அவரை நன்றாகப் பார்த்தேன். அதனால் இறந்தது வேறு யாரோ என்று நினைக்க எனக்கு வழியில்லை.

வாசலுக்கு இறங்கிப் போனேன். முகம் பார்க்கும் இயந்திரம் அங்கேதான் இருக்கிறது. ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கறுப்புக் கண்ணாடி. முன்னால் நின்றால் நம் முகத்தைச் சுற்றிப் பச்சை வட்டம் போட்டு, ஒரு பெண் குரலில் குட்மார்னிங் சொல்லி நம் பெயரைச் சொல்லும். கதவு திறக்கும். கார்டு தேய்க்கும் காலத்தில் ஒருவர் கார்டை இன்னொருவர் தேய்க்கிறார் என்று அதை நிறுத்திவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் பக்கத்து வரிசையில் இன்னும் கார்டுதான்.

காவலாளியிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"அது அவுரு தம்பி மேடம். புதுசா ட்ரெய்னியா சேர்ந்துச்சே, அதான். மூஞ்சி அப்டியே அண்ணன் மூஞ்சி. மிஷினுக்கு அண்ணன்னே தோணுது. ஒரு வாரமா இதே கூத்துதான். பசங்களுக்கு ஒரே காமெடி."

தம்பியை எனக்குத் தெரியும். அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்த பேச்சில் நானும் இருந்தேன். நிரந்தரத் தொழிலாளி பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்பது எங்கள் கம்பெனியில் எங்கேயும் எழுதி வைக்காத பழக்கம். யூனியன் இருந்த நாட்களில் வந்தது. யூனியன் போனபிறகும் யாரும் அதை எடுக்கவில்லை, எழுதியிருந்தால் எடுத்திருப்பார்கள். மனைவிக்குத்தான் முதல் உரிமை. அவள் எங்களிடமே பேக்கிங்கில், ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்க்கிறாள். "எனக்குத்தான் ஒரு வேல கீதே மேடம். கொழுந்தனாரு ஐடிஐ படிச்சிட்டு சும்மா உக்காந்துகினு கீறாரு. அவருக்குக் குடுங்க. மாமியாரை அவருதான பாத்துக்கணும்" என்று அவளே சொன்னாள். பயிற்சிக் காலம் முடிந்தால் அவன் நிரந்தரம். அந்த வீட்டில் அதற்குமுன் நிரந்தரமாக இருந்த ஒரே சம்பளம் அண்ணனுடையது.

மறுநாள் காலை ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் வாசலில் போய் நின்றேன். தம்பி வந்தான். இயந்திரத்தின் முன் நின்றான். பச்சை வட்டம் விழுந்தது. குரல் அண்ணன் பெயரைச் சொன்னது. கதவு திறந்தது.

பின்னால் நின்ற ஒருவன் கத்தினான்: "மாமே, உங்க அண்ணன் உள்ள போய்ட்டாரு. நீ இன்னும் வெளிய நின்னுகினு இன்னா பண்ற?"

இன்னொருவன்: "அவுரு எப்பவும் கரெக்ட் டைம்டா. செத்தும் லேட் ஆவல பாரு!"

தம்பியும் சிரித்தான். என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு வந்தான்.

"இன்னா மேடம் இது? எங்க அண்ணன் செத்தும் வேலைக்கு வர்றாரு. நான் உயிரோட வந்துகினு கீறேன், எனக்கு ஆப்சென்ட் போடுது. தினம் மெசேஜ் வருது, ஏன் வரல ஏன் வரலன்னு."

போனைக் காட்டினான். கம்பெனி ஆப்பிலிருந்து வந்த எச்சரிக்கைகள், ஒன்றன்கீழ் ஒன்று.

சரி செய்துவிடலாம் என்றேன். அப்போது அது சின்ன விஷயம் என்றுதான் நினைத்தேன்.

*

நான் இந்தக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது எங்கள் பிரிவுக்குப் பெயர் டைம் ஆபீஸ். வாசலை ஒட்டிய அறை. தெருப்பக்கம் ஒரு சின்ன ஜன்னல், அதில் கம்பி. அந்தக் கம்பிக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டுதான் தொழிலாளர்கள் எல்லாவற்றையும் கேட்பார்கள். லீவு, அட்வான்ஸ், பிள்ளையின் பள்ளிக்கு ஒரு சான்றிதழ், மருமகளோடு சண்டை. "இன்னா மேடம், ரெண்டு நாள் லீவு கேட்டா கோர்ட்ல நிக்க வெச்ச மாரி கேள்வி கேக்குற?" என்று ஜன்னலில் முகத்தை வைத்துக் கத்துவார்கள். நாங்களும் கத்துவோம். எங்கள் லேபர் ஆபீசர், முன்னாள் ராணுவக்காரர், மிகக் கடுமையானவர். தாமதமாக வந்தவனை நடுவெயிலில் கேட்டுக்கு வெளியே நிற்க வைப்பார். அதே மனிதர், யார் வீட்டில் சாவு என்றாலும் பூக்கடைக்கு ஆள் அனுப்பிவிட்டுத் தானே சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். எடுக்கும்வரை நிற்பார். திரும்பி வந்து கை கால் கழுவிவிட்டுத்தான் அந்தத் தொழிலாளியின் வருகைக் கார்டைச் சுவர்ப்பலகை வரிசையிலிருந்து எடுப்பார். அதற்கு முன் யாரும் தொடக்கூடாது. எடுத்த கார்டை அவர் மேஜையில் கொஞ்ச நேரம் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான். ஒருவர் கம்பெனியைவிட்டுப் போவதற்கு அது போதுமாக இருந்தது.

பிறகு நாங்கள் பர்சனல் டிபார்ட்மென்ட் ஆனோம். பிறகு ஹெச்ஆர். அறை மாடிக்குப் போனது; கண்ணாடித் தடுப்பு, குளிர்சாதனம், சுவரில் சிரிக்கும் மனிதர்களின் படம். இப்போது எங்களுக்குப் பெயர் பீப்பிள் டீம். டீம் என்றாலும் இந்த ஆலையில் நான் ஒருத்திதான். மற்றவர்கள் பெங்களூரில். லீவு ஆப்பில், சம்பளச் சீட்டு ஆப்பில், குறை இருந்தால் அதுவும் ஆப்பில். குறையை எழுதினால் உடனே பதில் வரும். "உங்கள் உணர்வுகளைப் புரிந்துகொள்கிறோம்" என்று தொடங்கும். ஜன்னலில் கத்தியவர்கள் இப்போது என்னிடம் கத்துவதில்லை. எனக்கு அது நிம்மதி என்றுதான் முதலில் இருந்தது. கீழே அந்தப் பழைய அறையில் இப்போது கூரியர் பெட்டிகள். ஜன்னலை அடைத்துவிட்டார்கள்; ஆனால் வெளியே கை வைத்து வைத்து வழவழப்பான சிமெண்ட் விளிம்பு இருக்கிறது. சில வயதானவர்கள் ஷிப்ட் முடிந்து போகும்போது பழக்கத்தில் அங்கே ஒரு கணம் நிற்கிறார்கள். சுவரைப் பார்க்கிறார்கள். பிறகு போகிறார்கள்.

*

சின்ன விஷயம் சரியாகவில்லை.

இயந்திரம் விற்ற கம்பெனிக்காரன் போனில் விளக்கினான். அண்ணன் முகத்தை அது ஆண்டுக்கணக்காகத் தினமும் பார்த்துப் படித்திருக்கிறது. தம்பி முகத்தைச் சேர்ந்த அன்று எடுத்ததோடு சரி. இரண்டும் ஒன்றுபோல இருக்கும்போது தனக்கு நன்றாகத் தெரிந்ததைத்தான் அது சொல்லும். "கொஞ்சம் தோற்றத்த மாத்திப் பாக்கச் சொல்லுங்க மேடம்" என்றான்.

தம்பி மீசையை எடுத்துவிட்டு வந்தான். வாயைச் சுற்றி வெளுத்துப்போய், பார்க்கவே சின்னப் பையன்போல இருந்தான். இயந்திரம் அண்ணன் பெயரைச் சொன்னது. அந்த வாரமே திருத்தணி போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தான். அதற்கும் அண்ணன் பெயர். அண்ணனும் வருடம் தவறாமல் மொட்டை போட்டவர். அந்த முகமும் அதற்குள் இருந்தது. எந்த முகத்தோடு போனாலும் அண்ணன் முன்பே அங்கே வந்து நின்றுகொண்டிருந்தார்.

அப்போது பசங்கள் சிரிக்கவில்லை. ஒருவன் மட்டும் மெதுவாகச் சொன்னான்: "டேய், உங்க அண்ணன் உன்ன வேலைக்குச் சேர உட மாட்டார்டா."

தம்பி அவனை அடிக்கப் போய்விட்டான். காவலாளிதான் பிடித்து இழுத்தார்.

தினமும் நான் கையால் திருத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் வரவில்லை, தம்பி வந்தார் என்று. ஆனால் ஒரு ஆளுக்கு மாதத்தில் இத்தனை திருத்தம்தான் என்று கணக்கு இருக்கிறது. அது தீர்ந்ததும் கட்டம் சாம்பல் நிறமாகிவிட்டது. விரல் வைத்தால் எதுவும் எழுதவில்லை. அதோடு இன்னொன்றும் நடந்தது. அண்ணன் பெயரில் இவன் உள்ளே போகிறான் என்பதை என் திருத்தங்களை வைத்தே பெங்களூர் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து, ஆள்மாறாட்டம் என்று சிவப்பில் குறித்து வைத்தது. ஆள்மாறாட்டத்துக்கு ஒரே தண்டனைதான். பயிற்சியில் இருப்பவனுக்கு விசாரணைகூடக் கிடையாது. மாதக் கடைசியில் வேலைநீக்கக் கடிதம் தானாகவே போய்விடும்.

பெங்களூரில் எனக்கு மேலே இருக்கும் பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். கெட்டவள் இல்லை. கம்ப்யூட்டர் திரையில் வந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். இப்போது மேடம் என்பதெல்லாம் கிடையாது. முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணனோட ரெக்கார்டை க்ளோஸ் பண்ணிட்டா முகம் அழிஞ்சிரும். அப்புறம் தம்பிக்குப் பிரச்சினையே இல்ல. சிவப்பையும் நான் எடுத்துர்றேன்" என்றாள்.

"க்ளோஸ் பண்ணுங்க. அதத்தான் கேக்கறேன்."

"என்னால முடியாது. முகம் ஊழியரோட சொந்தத் தகவல். அவர் சம்மதம் இல்லாம யாரும் அழிக்க முடியாத மாதிரி சிஸ்டம் பண்ணியிருக்காங்க. போன வருஷம்தான் மாத்தினாங்க. நல்லதுக்குத்தான்."

"அவர் எறந்துட்டாரு."

"தெரியும்" என்றாள். "பி.எஃப்., இன்சூரன்ஸ் எல்லாம் பேப்பர்ல முடிச்சிட்டீங்க இல்லையா? இது மட்டும் ஆப்ல இருக்கு. ஒப்புதல் கேட்டு அவர் போனுக்குப் போயிருக்கும். யாராவது அந்தப் போன்லேர்ந்து 'ஒப்புக்கொள்கிறேன்' அழுத்தினா போதும். யாருன்னு சிஸ்டம் கேக்காது."

திரை அணைந்தது. இறந்த மனிதர் தான் இறந்ததற்குச் சம்மதிக்க வேண்டும். அதைக் கேட்டு அவர் போனுக்குக் கடிதம் போயிருக்கிறது. கார்டை எடுக்கக் கைகழுவிவிட்டு வந்த அந்த லேபர் ஆபீசரிடம் இதை எப்படிச் சொல்வேன் என்று யோசித்தேன். அவரும் இப்போது இல்லை.

*

பேக்கிங் பிரிவில் அவளைப் பார்த்துப் பேசினேன். மனைவியைச் சொல்கிறேன். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே கேட்டாள். அவர் போன் எங்கே இருக்கிறது என்றேன்.

"சார்ஜ் நிக்காது மேடம் அது."

மறுநாள் கேட்டேன். ரகசிய எண் தெரியாது என்றாள். அதற்கு மறுநாள், போனைக் காணோம் என்றாள். மூன்றும் பொய் என்று அவள் சொல்லும்போதே தெரிந்தது; டேப்பை அவள் பல்லால் கடித்து அறுத்த விதத்தில் தெரிந்தது. எதற்குப் பொய் என்பதுதான் தெரியவில்லை. கொழுந்தன் வேலை போவது அவளுக்கும்தானே கஷ்டம்.

அது வாசலில்தான் தெரிந்தது. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்ததால் அந்த வாரம் தினமும் நான் காலையில் கீழே போனேன். ஒப்பந்தத் தொழிலாளர் வரிசை பக்கத்திலேயே. அவள் வருவாள். கார்டைக் கையில் எடுப்பாள். ஆனால் உடனே உள்ளே போக மாட்டாள். பின்னால் வருபவர்களை, "நீ போ, நீ போ" என்று முன்னால் விடுவாள். செருப்பு வாரைச் சரிசெய்வாள். கைப்பையில் எதையோ தேடுவாள். தம்பி வந்து இயந்திரத்தின் முன் நிற்பான். அவள் அந்தப்பக்கம் பார்க்கவே மாட்டாள். குரல் அந்தப் பெயரைச் சொல்லும். அதன்பிறகுதான் கார்டை வைத்துவிட்டு உள்ளே போவாள்.

ஒருநாள் தம்பி தாமதமாக வந்தான். அவளும் தாமதமானாள்.

இதைப் பார்த்தபிறகு எனக்கே அந்தக் குரலைக் கேட்க ஒரு மாதிரி ஆகிவிட்டது. எல்லோருக்கும் சொல்லும் அதே குட்மார்னிங், அதே குரல், அதே சந்தோஷம். திருநின்றவூரில் நான் ரயில் ஏறும்போதெல்லாம், வேப்பம்பட்டிலிருந்து வரும் அந்த வண்டியில் மகளிர் பெட்டிக்கு அடுத்த பெட்டியில் அவர் முன்பெல்லாம் கதவோரம் நிற்பார். என்னைப் பார்த்தால் தலையசைப்பார். இப்போது வண்டி நிற்கும்போது நான் அந்தக் கதவைப் பார்க்காமல் ஏறக் கற்றுக்கொண்டிருந்தேன். வண்டியில் பார்க்காமல் தப்பித்தாலும் பட்டரவாக்கத்தில் இறங்கி கம்பெனிக்குப் போனால், அங்கே அவர் பெயர் எனக்கு முன்னால் போயிருந்தது.

*

மாதம் முடிவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மதியம் வேப்பம்பட்டுக்குப் போனேன். ஒரே ஸ்டேஷன்தான். தம்பி ஓவர்டைமில் ஆலையில் இருந்தான். அவன் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன்.

இரண்டு அறை வீடு. பின்பக்கம் மாமியார் பாத்திரம் விளக்கும் சத்தம். அவள் எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததால் மேடம் அக்கா ஆகிவிட்டது.

"டீ போடவா அக்கா?"

"வேணாம்மா. நான் எதுக்கு வந்தேன்னு உனக்குத் தெரியும்."

சுவரில் மாட்டியிருந்த படத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளக். அதில் வயர். வயரின் முனையில், படத்துக்குக் கீழே சின்னப் பலகையில், போன். முழு சார்ஜில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

நான் அதைப் பார்த்ததை அவள் பார்த்தாள். எழுந்து போய் எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

"மாசாமாசம் நான்தான் ரீசார்ஜ் பண்றேன். இத பாருங்க. போன வாரம் வந்துது."

கம்பெனி ஆப்பிலிருந்து ஒரு செய்தி. மூன்று கலர் பலூன் படம். இந்த வாரம் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல், ஒருநாள்கூடத் தாமதிக்காமல் வந்ததற்குப் பாராட்டு. 'உங்களைப் போன்றவர்கள்தான் நம் குடும்பத்தின் பலம்.'

"எனக்குப் படிக்கத் தெரியும். அவரு இல்லன்னும் தெரியும்" என்றாள். "என்னை லூசுன்னு நெனைக்காத அக்கா."

"நெனைக்கல."

"கொழுந்தனாரு வேல போவக் கூடாது. அதுவும் எனக்குத் தெரியும். சாயந்திரம் பண்ணிடலாம், காலைல பண்ணிடலாம்னு எடுத்து வெச்சிப்பேன். காலைல கம்பெனி கேட்டாண்ட போனா அந்த மிஷின் பொம்பள அவரு பேரைச் சொல்லும். சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்னு வந்துருவேன்."

பின்பக்கம் பாத்திரச் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"இந்த ஊட்ல அவரு பேரை யாரும் சொல்றதில்ல அக்கா. அத்தை அழுவும்னு கொழுந்தனாரு அண்ணன்னுகூட சொல்றதில்ல. அத்தை, நான் அழுவேன்னு சொல்றதில்ல. சொந்தக்காரங்க வந்தா 'பாவம் அவன்'னு சொல்வாங்க, அவ்ளோதான். நான்..." நிறுத்தினாள். "நான் எங்க சொல்றது? கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு வாட்டிகூட அவரு பேரைச் சொன்னதில்ல. ரேஷன் கடைல கேட்டாகூட கார்டைக் காட்டுவேன். ஆஸ்பத்திரில, அன்னிக்கு, பேஷன்ட் பேரு இன்னான்னு நர்ஸ் கேட்டுச்சு. எனக்கு வாய் வரல. ஆட்டோக்காரருதான் அவரு சட்டைப் பாக்கெட்லேர்ந்து கம்பெனி ஐடி எடுத்துக் குடுத்தாரு."

ஆறுதல் சொல்வதற்கு மனிதவளப் பிரிவில் எங்களுக்கு நிறைய வாக்கியங்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. என் கணவர் பெயரை நானும் வீட்டில் சொல்வதில்லை. இதுவரை அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றியதில்லை.

"உலகத்துல அந்த மிஷின் ஒண்ணுதான் அவரைக் கூப்டுது" என்றாள்.

ஒப்புதல் கேட்கும் பக்கத்தை நான்தான் தேடி எடுத்தேன். கீழே ஒரு நீலப் பொத்தான். அவள் புடவையில் விரலைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் விரலை அதன்மேல் படாமல் வைத்திருந்தாள். பிறகு அழுத்தினாள்.

நான் மூச்சு விடுவதற்குள் இன்னொரு பக்கம் வந்தது. தவறுதலாக அழித்துவிடக் கூடாது என்பதற்காகக் கடைசியாக ஒருமுறை கேட்கிறார்களாம். உறுதி செய்ய ஊழியரின் பெயரை எழுதவும். அல்லது சொல்லவும். பக்கத்தில் ஒலிவாங்கியின் படம்.

"நான் எழுதிர்றேன் குடு" என்று கை நீட்டினேன்.

அவள் போனைக் கொடுக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம். மிஷின் சொல்லிச்சு. நானும் சொல்றேன்."

ஒலிவாங்கியைத் தொட்டாள். வாயருகே கொண்டுபோனாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. திரையில் 'கேட்கவில்லை, மீண்டும் சொல்லவும்' என்று வந்தது. மறுபடி தொட்டாள். இந்த முறை காற்றுபோல ஏதோ வந்தது. மறுபடியும் கேட்கவில்லை என்றது. அவள் முகம் சிவந்துவிட்டது. கோபமா வெட்கமா தெரியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, மூன்றாவது முறை, தெருவில் போகும் ஒருவரைத் திரும்பிப் பார்க்கவைக்கக் கூப்பிடுவதுபோல, அந்தப் பெயரை உரக்கச் சொன்னாள்.

அறையில் அது நின்றது. நான் அந்தப் பெயரை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், படித்திருக்கிறேன். அது அவ்வளவு நீளமான பெயர் என்று அன்றுதான் தெரிந்தது.

பின்பக்கம் பாத்திரம் ஒன்று கீழே விழுந்து உருண்டது.

மாமியார் கதவில் வந்து நின்றார். கையெல்லாம் சாம்பல். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. திறந்திருந்த தெருவாசலைப் பார்த்தார்.

"யாரு கூப்ட்டது? வந்துட்டானா?"

மருமகள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "நான்தான் அத்தை" என்றாள். "நான்தான் கூப்ட்டேன்."

மாமியார் அவளைப் பார்த்தார். பிறகு அந்த இடத்திலேயே, நிலைப்படியில் முதுகை உரசிக்கொண்டு, மெல்ல உட்கார்ந்தார். சாம்பல் கையால் மருமகளின் காலைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தபா சொல்லு" என்றார்.

அவள் சொன்னாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வாசலில் செருப்பைப் போடும்போது உள்ளே இரண்டு குரல்களும் அந்தப் பெயரைச் சொல்வது கேட்டது. ஒன்றாக அல்ல, ஒன்றுக்குப் பின் ஒன்றாக.

திங்கட்கிழமை பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அதற்குக் கீழே இருந்தவர்கள் எல்லாம் ஒரு வரி மேலே ஏறியிருந்தார்கள். தம்பி இயந்திரத்தின் முன் நின்றான். தலையில் இப்போதுதான் முடி முளைத்திருந்தது. பச்சை வட்டம் விழுந்தது. குரல் குட்மார்னிங் சொல்லி அவன் பெயரைச் சொன்னது. கதவு திறந்தது. அவன் போகவில்லை. யாருக்கோ வழிவிடுவதுபோல ஓரமாக ஒதுங்கி நின்றான்.

"மாமே, உன்னத்தான்டா சொல்லிச்சு" என்றான் பின்னால் நின்றவன், அவன் தோளைத் தொட்டு. "உள்ள போ."